உன் உள்ளங்கையில் நான் பார்த்தது

இந்தக் கடிதத்தின் மேல் உன் பெயரை எழுதவில்லை, அடியில் என் பெயரையும் எழுதப்போவதில்லை. நீ படித்துவிட்டு எங்கேயாவது போட்டு அது வேறு யார் கையிலாவது கிடைத்தால், அவர் தன் வீட்டுப் பிள்ளைக்கு எழுதியதாக நினைத்துப் படித்துக்கொள்ளட்டும். நம் பக்கத்தில் இதைப் படிக்க வேண்டிய வீடு நம் வீடு ஒன்றுதான் என்று நான் நினைக்கவில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று எட்டு நாளாகப் பார்த்தேன். மூன்று தடவை எடுத்தாய். முதல் தடவை, "கம்பெனில இருக்கேன்ப்பா, பொறவு பேசுதேன்" என்றாய். இரண்டாம் தடவை நான் விஷயத்தைத் தொட்டதும், "நீங்க எப்பப்பா டாக்டருக்குப் படிச்சீக?" என்று சிரித்தாய். மூன்றாம் தடவை சிரிக்கவில்லை, வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எடுப்பதே இல்லை. இருபது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவன் நான். எதிரே வருகிறவன் வழிவிட மாட்டான் என்று தெரிந்தால் ஓரம்கட்டி நிறுத்திவிடுவேன், அதில் எனக்கு ரோஷம் கிடையாது. இதில் ஓரம்கட்ட இடமில்லை. உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. பத்திரிகைக் கட்டை உன் திருத்தங்கல் ரூமில் கொண்டுவந்து வைக்கும்போது இந்தக் கடிதத்தையும் அதோடு வைத்துவிட்டு வரப்போகிறேன்.

கார்த்திகைக் கடைசியில் ஆமத்தூரில் பெண் வீட்டில் நிச்சயம் பண்ணினோமே, அன்றைக்குப் பெண்ணின் தாய்மாமன் வெற்றிலை பாக்கு பழத்தோடு உன் முன்னால் வந்து நின்றார். நீ இரண்டு கையையும் ஏந்தி வாங்கினாய். அப்போது பார்த்தேன். உள்ளங்கை இரண்டிலும் செம்பு நிறத்தில், பாசிப்பயறு அளவுக்கு, வட்ட வட்டமாகப் புள்ளிகள். அவரும் பார்த்துவிட்டார். "மாப்பிள்ளைக்குக் கையில என்னது?" என்றார். நீ கொஞ்சமும் தயங்காமல், "மருந்து அலர்ஜி மாமா" என்றாய். "அது இல்லாதவுக இங்கன யாரு இருக்கா" என்று அவர் சொல்ல, பந்தல் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சாப்பாடு முடிந்து நீ பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். உன் பாதத்தைப் பார்த்தேன். அங்கேயும் அதே புள்ளிகள். கையால் மருந்தைத் தொடுகிறவனுக்குக் கையில் அலர்ஜி வரலாம், செருப்புக்குள் இருக்கிற பாதத்துக்கு எப்படி வரும் என்று ஒரு யோசனை ஓடியது. நீ கைகழுவப் போனபோது பின்னாலேயே வந்து, "அரிக்குதாலே?" என்று கேட்டேன். "அரிக்கலப்பா. அதான் நானும் கண்டுக்கிடல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அரிக்கிறது என்று நீ சொல்லியிருந்தால் அன்றைக்கு இன்னொரு தடவை பாயசம் வாங்கிக் குடித்திருப்பேன்.

நம் பக்கம் மருந்து என்றால் யாருக்கும் மாத்திரை ஞாபகம் வராது, பட்டாசுக்குள் அடைக்கிற மருந்துதான் ஞாபகம் வரும். இருமினால் மருந்து, கண் சிவந்தால் மருந்து, முடி கொட்டினால் மருந்து, பசி இல்லை என்றால் மருந்து. பாதிக்கு மேல் உண்மையாகவும் இருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. கந்தகத்திலும் அலுமினியப் பொடியிலும் கையை விட்டுக்கொண்டிருக்கிற ஜனங்களுக்குத் தோலில் ஏதாவது ஒன்று வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் வேறு ஊரில் இந்தப் புள்ளியைப் பார்த்தால் இது என்ன என்று நாலு பேராவது கேட்பார்கள். நம் ஊரில் கேட்க மாட்டார்கள். கேட்பதற்கு முன்னாலேயே பதில் நம் எல்லோர் வாயிலும் தயாராக இருக்கிறது. அந்தப் பதிலுக்குப் பின்னால் நானும் ஒளிந்துகொண்டவன்தான். அதைத்தான் உனக்கு இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தகப்பன் மகனிடம் சொல்லக் கூசுகிற விஷயம். நானும் கூசிக்கொண்டேதான் எழுதுகிறேன், நீ கூசாமல் படி.

உன் அம்மாவைக் கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆவணி பிறந்தால் ஐப்பசி வரைக்கும் வடக்கே பட்டாசு லோடு. போய் இறக்க வேண்டிய குடோனில் வரிசை நிற்கும், மூன்று நாள், நாலு நாள் என்று வண்டியிலேயே கிடப்போம். பக்கத்தில் ஒரு தெரு இருந்தது, கூட நின்ற டிரைவர்கள் போனார்கள், நானும் போனேன். யாரும் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. அங்கே இருந்த பெண்ணைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. அவளுக்கு அந்தச் சீக்கைக் கொடுத்தவன் என்னை மாதிரி ஒரு லாரிக்காரனாகத்தான் இருப்பான். லாரிகள் நிற்கிற இடத்துக்கு ஒரு ஆள் வருவார், சட்டைப் பையில் பேனா செருகியிருப்பார், எல்லோருக்கும் ஆணுறைப் பாக்கெட் கொடுப்பார், எப்படிப் போடுவது என்று ஒரு மரக்கட்டையை வைத்துக் காட்டுவார். நாங்கள் அவரை ஓட்டாத ஓட்டம் இல்லை. "சாருக்கு வீட்ல பிள்ள இல்லபோல" என்று நானே ஒரு தடவை கத்தினேன். அவர் கோபப்படவில்லை, என் கையிலும் ஒரு பாக்கெட்டைத் திணித்துவிட்டுப் போனார். அது ஸ்பேனரோடு டூல்ஸ் பெட்டியில் கிடந்து கிரீஸ் பிடித்துப்போனது. வாழ்க்கையில் யாரையாவது தேடிப்போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றால் அந்த ஆளிடம் கேட்பேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு அந்த இடத்தில் ஒரு புண் வந்தது. ஒரே ஒரு புண். வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. வலித்திருந்தால் ஓடியிருப்பேன். நாலு வாரத்தில் தானாகவே ஆறிவிட்டது. சாமி காப்பாற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அடுத்த லோடுக்குப் போனேன். அது ஆறவில்லை, உள்ளே போய்விட்டது என்று அப்போது எனக்குச் சொல்ல யாரும் இல்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கையிலும் பாதத்திலும் புள்ளி வந்தது, அரிப்பே இல்லை. லோடு ஏற்றும்போது பெட்டியைத் தொட்டதில் வந்திருக்கும் என்றார்கள். எனக்கு அது மறைய ஆரம்பித்த சமயத்தில் உன் அம்மாவுக்கு வந்தது. அப்போது அவள் தாயில்பட்டியில் ஒரு கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். போர்மேன் அவள் கையைப் பார்த்துவிட்டு, "உனக்கு மருந்து ஒத்துக்கிடல தாயி, லேபிள் ஒட்டப் போ" என்று அனுப்பிவிட்டார். நல்ல மனுஷன், இரக்கப்பட்டுத்தான் செய்தார். லேபிள் ஒட்டப்போன ஒரு மாதத்தில் புள்ளி மறைந்தது. அப்புறம் என்ன, மருந்துதான் காரணம் என்று எழுதி ஒட்டினது மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில் நாங்கள் இரண்டு பேரும் அதை நம்பினோம், அதில் பொய் எதுவும் இல்லை.

உனக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை பிறந்து இறந்தது என்று உனக்குத் தெரியும். பிறந்து இறக்கவில்லை. எட்டாம் மாதத்தில் உள்ளேயே அசைவு நின்றுபோய், இறந்துதான் பிறந்தது. நான் பார்த்தேன், உன் அம்மாவுக்குக் காட்டவில்லை. ஊர் முழுக்க ஒரே பேச்சு. "வயித்துல பிள்ளய வச்சிக்கிட்டு மருந்து ரூமுக்குப் போனா எப்பிடித் தங்கும்" என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவள் லேபிள் ஒட்டத்தான் போனாள், ஆனால் அதையெல்லாம் யார் கேட்டார்கள். அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். நீ வயிற்றில் வந்ததும் அந்தக் கம்பெனிப் பக்கமே போகவில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை கையைக் கழுவுவாள், சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் வெடித்துப்போகும். அந்தப் பழக்கம் இன்றுவரைக்கும் போகவில்லை. "அம்மாவுக்குக் கை கழுவுதுக்கே தனியா ஒரு தண்ணி லாரி விடணும்" என்று நீ சின்ன வயதில் கேலி பண்ணுவாய். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். நான் ஏன் எழுந்து போனேன் என்று உனக்கு இப்போது புரியும்.

நீ வயிற்றில் இருந்தபோது ஆஸ்பத்திரியில் உன் அம்மாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அடுத்த வாரம் அவளோடு என்னையும் வரச்சொன்னார்கள். ஒரு சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெளியூர் போற வேலையா?" என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டினேன். அதற்கு மேல் ஒரு கேள்விகூடக் கேட்காமல் எல்லாவற்றையும் சொன்னார். இதற்குப் பெயர் சிபிலிஸ், பழைய ஆட்கள் மேகப்புண் என்பார்கள், புண் ஆறினாலும் கிருமி ரத்தத்தில் இருக்கும், புருஷனிடமிருந்து பெண்டாட்டிக்கும் பெண்டாட்டியிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும், முதல் பிள்ளையைக் கொண்டுபோனது அநேகமாக இதுதான், இரண்டு பேரும் ஊசி போட்டுக்கொண்டால் இந்தப் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம் என்றார். உன் அம்மா வரிசையிலிருந்து எழுந்து வந்து, "என்ன சிஸ்டர், எதுனால இது?" என்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எல்லாம் அந்த மருந்துனாலதான்" என்றேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள், அவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்த பதில். அவர் அவளிடம், "ஊசிய ஒண்ணுகூடத் தப்பவிடாத தாயி, பிள்ள நல்லாப் பொறக்கும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்டுக்குப் போயி நீங்களே அவுககிட்ட உண்மையச் சொல்லிருங்க. அடுத்த வாரம் நா கேப்பேன்" என்றார். அடுத்த வாரம் அவருக்கு வேறு வார்டு போட்டுவிட்டார்கள். எனக்கு அன்றைக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

நீ நல்லபடியாகப் பிறந்தாய். அந்த ஊசிகள்தான் உன்னைக் கொண்டுவந்து சேர்த்தன. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சொல்லிவிடலாம் என்று வாயெடுத்திருக்கிறேன். நீ பள்ளிக்கூடம் போகட்டும், நீ பத்தாவது முடிக்கட்டும், நீ வேலைக்குப் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஆறேழு வருடத்துக்கு முன்னால் பக்கத்துத் தெருவில் ஒரு பெண் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். அவள் மருந்து ரூமுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டு உன் அம்மா அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள். "எம்பிள்ளைய நானே கொன்னுட்டேன் தாயி, நீயும் அந்தப் பாவத்தப் பண்ணிராத" என்று எல்லோர் முன்னாலும் அழுதாள். அவளைக் கூட்டிவரப் போன நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் பேசவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உன் கையில் இருப்பது அதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. நான் டாக்டர் இல்லை, நீ சொன்னது சரிதான். உண்மையிலேயே அது மருந்து அலர்ஜியாக இருந்து, நீ ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து என் மூஞ்சியில் எறிந்து, கிழவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு என்று ஊர் முழுக்கச் சொன்னால் என்னைப் போலச் சந்தோஷப்படுகிறவன் எவனும் இருக்க மாட்டான். ஆனால் பார்த்துச் சொல்ல முடியாது, ரத்தம் எடுத்துத்தான் சொல்ல முடியும். சீசனில் நீ மூன்று மாதம் வடக்கே குடோனில் இருந்தாய். அங்கே யாரோடு இருந்தாய், எத்தனை நாள் இருந்தாய், பெண்ணா, வேறு யாருமா என்றெல்லாம் நான் கேட்கப்போவதில்லை. அதைக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை. டாக்டர் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடு. அவர்கள் இதைத் தினமும் கேட்கிறவர்கள், உன்னைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள். அங்கே உன்னோடு இருந்த ஆளையும் எப்படியாவது பரிசோதித்துக்கொள்ளச் சொல்லிவிடு, அந்த ஆளுக்கும் வீடு இருக்கும்.

நான் விசாரித்ததையும் பட்டதையும் சொல்கிறேன், கேட்டுக்கொள். அரசு ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனி அறை இருக்கிறது. சிபிலிஸுக்கு மட்டும் இல்லை, எச்.ஐ.வி.க்கும், கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைட்டிஸ் கிருமிக்கும் சேர்த்தே பார்க்கச் சொல், எல்லாம் ஒரே வழியாக வருகிறவை. ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்றும் இருக்கலாம். எச்.ஐ.வி. உடனே தெரியாமல் போகலாம், கொஞ்ச நாள் கழித்து இன்னொரு தடவை வரச்சொன்னால் சலித்துக்கொள்ளாமல் போ. அதிலும்கூட இப்போது மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு நெடுநாள் நன்றாக இருக்கிறார்கள், தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. வெள்ளை படுவது, சீழ் வருவது, ஒன்றுக்குப் போனால் எரிவது என்று சிலது காட்டிக்கொடுக்கும், சிலது ஒன்றுமே காட்டாமல் உட்கார்ந்திருக்கும். உடம்பு நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு பண்ணாதே. மெடிக்கலில் போய், பேர் சொல்லாமல் நாலு மாத்திரை வாங்கி விழுங்காதே. லாட்ஜில் ரூம் போட்டு ரகசிய நோய் வைத்தியம் என்று பேப்பரில் போடுகிறவன் பக்கம் போகவே போகாதே, நம் ஆட்கள் அவனிடம்தான் முதலில் போகிறார்கள். சிபிலிஸ் என்று வந்தால் பென்சிலின் ஊசி, அதில் சரியாகிவிடும், முழுக்கச் சரியாகிவிடும். ஊசி ஒத்துக்கொள்ளாமல் முன்பு எப்போதாவது வீங்கியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடு. அன்றைக்கு ராத்திரி காய்ச்சலடிக்கலாம், பயப்படாதே. சில மாதம் கழித்துத் திரும்ப ரத்தம் எடுத்து அதன் அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். டாக்டர் போதும் என்று சொல்கிறவரைக்கும் யாரோடும் சேரக்கூடாது. ஒரு தடவை வந்து சரியானவனுக்குத் திரும்ப வராது என்று நினைக்காதே, எத்தனை தடவை வேண்டுமானாலும் வரும். ஆணுறையைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன், இருந்தாலும் சொல்கிறேன். எனக்கு அதை வாங்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைக் கொண்டுவந்து உன் அம்மா தலையில் போட்டேன்.

உன் கையைப் பார்த்துவிட்டு வந்தும் மூன்று வாரம் சும்மாதான் இருந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். தானாகச் சரியாகிவிடும், அலர்ஜியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ போனை வைத்த மறுநாள், காலையில், உன் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் கையிலிருந்து ஆரம்பித்து, அந்தத் தெரு, புண், சிஸ்டர், நான் முந்திக்கொண்டு சொன்ன பதில், எல்லாம். முறத்தை என் தலையில் போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொறுக்குகிற கையை நிறுத்திவிட்டு, "அப்ப நா வேலைக்குப் போனதால இல்லையா?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன். திரும்ப, "மருந்தால இல்லையா?" என்றாள். "இல்ல தாயி" என்றேன். மூன்றாம் தடவையும் அதையே கேட்டாள். நான் பதில் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மிச்ச அரிசியையும் பொறுக்கி முடித்து, உலை வைத்து, சோறு ஆக்கி எனக்குப் போட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. நான் செத்துப்போகலாமா என்று நினைத்தேன், அதற்கும் தைரியம் இல்லை.

மூன்றாம் நாள் பேசினாள். "அவன் பாதத்தையும் பாத்தீகளா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். "அவனக் கட்டிக்கிடப்போற அந்தப் பிள்ளைக்கு யாரு சொல்லப்போறா? எனக்கு யாரும் சொல்லல. அவ வீட்டுக்குப் போயி நீங்க சொல்லிட்டு வாங்க. அவன் போனு எடுக்கலன்னு சும்மா இருந்தா நா போவேன்" என்றாள். அவள் போகக் கூடாது என்றுதான் நான் கிளம்பினேன். நேற்று ஆமத்தூர் போனேன். உன் மாமனார் பருத்திக் காட்டிலிருந்து வந்து, என்னை உட்காரவைத்து, சமையலுக்கு யாரைப் பேசியிருக்கிறார், பந்தல் எங்கேயிருந்து எங்கே வரைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "சம்பந்தி, ஒரு விஷயம்" என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன். "சொல்லுங்க, என்ன குறை இருந்தாலும் தயங்காமச் சொல்லுங்க, செஞ்சிருவோம்" என்றார். காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அந்தப் பிள்ளைதான் தன் ஸ்கூட்டியில் என்னை பஸ் ஸ்டாப்பில் கொண்டுவந்து விட்டாள். பஸ் வர நேரமானது. நானும் அவளும் மட்டும்தான், சுற்றி ஒரு ஈ காக்கை இல்லை. இதைவிட நல்ல சமயம் எனக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காது. "தாயி" என்று கூப்பிட்டேன். அவள் அதற்காகவே காத்திருந்த மாதிரி பையைத் திறந்து ஒரு களிம்பு டியூபை எடுத்து என் கையில் வைத்தாள். "மாமா, இத அவுககிட்ட குடுத்துருங்க. மெடிக்கல்ல வேல பாக்குற எங்க அக்கா, மருந்து அலர்ஜிக்கு இதுதான் நல்லதுன்னு சொன்னா. அவுகளா வாங்கிப் போட மாட்டாக" என்றாள். வாங்கிக்கொண்டேன். "கல்யாணத்துக்குள்ள சரியாயிரும்ல மாமா?" என்று கேட்டாள். "சரியாயிரும் தாயி" என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். இப்போது அவள் தன் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பாளாம், அதற்கு மேல் அவளே ஆமத்தூருக்குப் பஸ் ஏறுவாளாம். நான் தடுக்கப்போவதில்லை, தடுக்கவும் முடியாது. ஆனால் அந்தப் பிள்ளை அதை உன் வாயால் கேட்கவேண்டும். கல்யாணம் தள்ளிப்போகட்டும், நின்றேகூடப் போகட்டும். அது அவள் முடிவு செய்ய வேண்டியது, என் பெண்டாட்டிக்கு அந்த வாய்ப்பை நான் கொடுக்கவில்லை.

அவளிடம் நான் சொன்னது பொய்யில்லை, அதுதான் கொடுமை. அந்தக் களிம்பை நீ தடவினாலும் தடவாவிட்டாலும் இந்தப் புள்ளிகள் தானாகவே மறையும். அவள் உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தான் கொடுத்தது கேட்டுவிட்டது என்று சந்தோஷப்படுவாள். உன் மாமனார் சந்தோஷப்படுவார். நீயும் இந்தக் கிழவன் வீணாகப் பயமுறுத்தினான் என்று சொல்லிக்கொள்வாய். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை போய் ரத்தம் கொடுத்துவிடு ஐயா, உன் காலில் விழுந்து கேட்கிறேன். நீ போகாவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. முதல் வரிசையில் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு நின்று, உன் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். தாலி கட்டுகிற அந்தக் கையில் அன்றைக்கு ஒரு புள்ளிகூட இருக்காது.